மேடைக்கு எதைப் போட்டுக்கிட்டு ஏறுறது? எங்க குழுவுல சட்டைக்குத்தான் சண்டை

#1 நாலாவது_விரல்

வணக்கம் மக்களே. நான் பாஸ் கிட்டார். குழுவுல அஞ்சு பேர்: பாட்டு, கிட்டார், பாஸ், கீபோர்டு, டிரம்ஸ். இன்னும் மூணு வாரத்துல ஒரு கச்சேரி. உள்ளரங்கம், 400 இருக்கை, வீடியோவும் எடுக்கறாங்க. பாட்டுப் பட்டியல் ஒரு மணி நேரத்துல முடிவாயிடுச்சு. சட்டை விவகாரம் ரெண்டு வாரமா இழுத்துக்கிட்டிருக்கு.

பாடகி எல்லாரும் ஒரே மாதிரி போடணும்ங்கறாங்க. கிட்டார்க்காரன் தூங்கி எழுந்த டி-ஷர்ட்டோட வருவேன், அதுதான் நேர்மைங்கறான். டிரம்மர் அரை டிரவுசர் இல்லன்னா குச்சியைத் தொட மாட்டாராம். கீபோர்டுக்காரர் ஒண்ணும் சொல்லல. அவர் எதுக்குமே ஒண்ணும் சொல்ல மாட்டார்.

என் கட்சி என்னன்னா, கேக்க வந்தவனுக்கு என் சட்டை எதுக்கு? ஆனா இதைச் சொன்னதும் மத்த மூணு பேரும் ஒண்ணு சேர்ந்து என் மேல பாயறாங்க. அவங்க ஒத்துமையா இருக்கற ஒரே விஷயம் இதுதான். நீங்கள்லாம் என்ன போடறீங்க? ஏன்?

#2 கடைசி_வரிசை

நான் வாசிக்கறவன் இல்ல, கேக்கறவன். பல வருஷமா கடைசி வரிசைதான் நம்ம இடம். அங்கேருந்து பார்த்தா எல்லாரும் கட்டைவிரல் உசரம். நீங்க பட்டு போட்டாலும் கோணி போட்டாலும் எனக்கு ஒண்ணுதான். கண்ணை மூடிக்குங்க, கேளுங்க. இழை முடிஞ்சுது, பூட்டிடலாம்.

#3 இருட்டுமேடை

பூட்டறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி. தம்பி, அந்த அரங்கத்துல பின்திரை என்ன கலர்? அதைச் சொன்னாத்தான் நான் மேற்கொண்டு பேச முடியும். (விளக்கு போடறவன் நான்.)

அதுவரைக்கும் பொதுவா ரெண்டு விஷயம். பளீர் வெள்ளைச் சட்டை வேண்டாம். கேமரா அந்த வெள்ளைக்கு ஏத்த மாதிரி வெளிச்சத்தைக் குறைச்சுக்கும், உங்க மூஞ்சி கறுத்துப் போயிடும். மெல்லிசு கோடு, பொடிக் கட்டம் வேண்டவே வேண்டாம். வீடியோவுல அது நெளிநெளியா அலை அடிக்கும். பார்க்கறவனுக்கு டிவிதான் கெட்டுப்போச்சோன்னு தோணும். பச்சைச் சட்டைமேல சிவப்பு விளக்கு விழுந்தா கிட்டத்தட்ட கருப்பு. அதே சிவப்பு விளக்குல சிவப்புச் சட்டை வெளிறிப் போயிடும். நீங்க கடையில பார்த்த கலர் வேற, மேடையில இருக்கற கலர் வேற.

வெள்ளையும் எப்பவும் தப்பில்ல, அதையும் சொல்லிடறேன். 1985 லைவ் எய்ட், பஞ்ச நிவாரணத்துக்கு நடந்த பெரிய கச்சேரி, லண்டன் வெம்பிளி ஸ்டேடியம். ஜூலை மாச சாயங்காலம், இன்னும் பகல் வெளிச்சம். எந்த விளக்கும் எடுபடாத நேரம். குயீன் குழுவோட பாடகர் ஃப்ரெடி மெர்க்குரி ஒரு வெள்ளைக் கையில்லா பனியன், வெளுத்த ஜீன்ஸோட வந்தார். சுமார் 70,000 பேர்ல கடைசியா நின்னவனுக்கும் அந்த வெள்ளைப் புள்ளி எங்க ஓடுதுன்னு தெரிஞ்சிருக்கும். வெளிச்சத்தைப் பார்த்து உடுத்தணும், அவ்வளவுதான்.

#4 பெடல்மிதி

//கண்ணை மூடிக்குங்க, கேளுங்க//

நண்பரே, நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். 2013-இல் சியா-ஜங் சாய் என்ற ஆய்வாளர் (அவரே பியானோ கலைஞர்) ஒரு கட்டுரை வெளியிட்டார். சர்வதேச இசைப் போட்டிகளின் இறுதிச் சுற்றிலிருந்து சில நொடித் துண்டுகளை எடுத்தார். சிலருக்கு ஒலி மட்டும், சிலருக்கு ஒலியும் படமும், சிலருக்கு ஒலியே இல்லாத படம் மட்டும். யார் ஜெயித்திருப்பார் என்று சொல்ல வேண்டும். படத்தை மட்டும் பார்த்தவர்கள்தான் அதிகம் சரியாகச் சொன்னார்கள். தொழில்முறைக் கலைஞர்களும் இதில் விதிவிலக்கில்லை. கேட்டால் எல்லாரும் "ஒலிதான் முக்கியம்" என்றுதான் சொல்வார்கள்.

அது உடல் அசைவைப் பற்றியது, உடையைப் பற்றியது அல்ல என்று நீங்கள் சொல்லலாம். நியாயம்தான். ஆனால் நூலா கிரிஃபித்ஸ் 2008-இல் உடையையே எடுத்துக்கொண்டு செய்தார். பெண் வயலின் கலைஞர்களை ஜீன்ஸ், இரவு விருந்துக்கான கவர்ச்சி உடை, கச்சேரி கவுன் என்று மூன்றிலும் படம் பிடித்து, எல்லாவற்றின் மேலும் ஒரே ஒலிப்பதிவை ஓட்டினார். காதில் விழுந்தது ஒன்றுதான். ஆனாலும் வாசிப்புத் திறமைக்குக் கிடைத்த மதிப்பெண் உடைக்கு உடை மாறியது.

கடைசி வரிசையில் இருந்தாலும் கண் திறந்துதானே இருக்கிறது?

#5 கடைசி_வரிசை

அப்போ அது கண்ணோட கோளாறு. அதுக்கு சட்டையை மாத்தறதா, கண்ணைக் கட்டறதா? ஆர்கெஸ்ட்ரா ஆள் எடுக்கும்போது திரை போட்டுத்தானே வாசிக்க வைக்கறாங்க? அவங்களுக்கே தெரியுது.

#6 வில்லாளி

திரைன்னு சொன்னதும் வந்துட்டேன். ஆர்கெஸ்ட்ராவுல வயலின் வாசிக்கறேன். திரைக்குப் பின்னாடி நின்னு தேர்வுக்கு வாசிச்சிருக்கேன். திரை மட்டும் போதாது, தெரியுமா? குதிகால் செருப்பு தரையில பட்டா 'டக் டக்'னு கேக்கும், உடனே வர்றது பொண்ணுன்னு தெரிஞ்சிடும். அதனால பல இடங்கள்ல நடக்கற பாதை முழுக்கக் கம்பளம் விரிக்கறாங்க, இல்ல செருப்பைக் கழட்டிட்டு வரச் சொல்றாங்க. நான் காலுறையோட போனேன். மெழுகு போட்ட தரை. விழாம போய்ச் சேர்ந்ததே பாதி வெற்றி.

ஆனா வேலை கிடைச்ச மறுநாள் திரை போயிடும். அப்புறம் உடை விதி வந்துடும். ஆர்கெஸ்ட்ராவுல எல்லாரும் கருப்பு போடறதுக்குக் காரணம் சிம்பிள்: எண்பது பேர்ல ஒருத்தர் மட்டும் மஞ்சள்ல வந்தா, அவர் வாசிக்காம சும்மா உக்கார்ந்திருக்கும்போதும் எல்லார் கண்ணும் அங்கதான் இருக்கும். கருப்புன்னா தனி ஆள் மறைஞ்சு கூட்டம் மட்டும் தெரியும்.

அந்தக் கருப்புக்குள்ள எங்க அவஸ்தை எங்களுக்கு. வாலு வச்ச கோட்டு, மாவு போட்ட மாதிரி விறைப்பா காலர், அதுக்கு மேல வயலின். மூணு மணி நேரம். தாடைக்குக் கீழ காலர் தையல் தடிச்சிருந்தா மறுநாள் கழுத்துல சிவப்பா கோடு. நான் ஒரு தடவை சாட்டின் சட்டை போட்டுப் போனேன். பார்க்க அருமையா இருந்துச்சு. ஆனா தோள்தாங்கி (வயலினுக்கு அடியில மாட்டறது) அதுல நிக்கவே இல்ல. ஒவ்வொரு தடவை இடது கை மேல ஏறும்போதும் வயலின் ஒரு நூல் கீழ வழுக்குது. நான் ராகத்தை வாசிக்கல, வயலினைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். இப்போ எது வாங்கினாலும் கடையிலேயே ரெண்டு கையையும் வாசிக்கற மாதிரி தூக்கிப் பார்த்துத்தான் வாங்கறது. பார்க்கறவங்க என்ன நினைச்சா என்ன.

வியன்னா ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவே 2017 புத்தாண்டுக் கச்சேரிக்கு விவியன் வெஸ்ட்வுட், ஆண்ட்ரியாஸ் க்ரோந்தாலர் வடிவமைச்ச புது சூட்டுக்கு வந்தாங்க. அவங்களே மாறலாம்னா நாமளும் கொஞ்சம் அசையலாம்.

#7 நாலாவது_விரல்

எல்லாரும் நல்லா பேசறீங்க, ஆனா நாங்க ஆர்கெஸ்ட்ரா இல்லையே. மின்சார கிட்டாரும் டிரம்ஸும். எங்க டிரம்மரோட அரை டிரவுசருக்கு யாராவது பதில் சொல்லுங்க.

#8 குச்சிக்காரன்

நான் சொல்றேன். உங்க டிரம்மர் சொன்னதுதான் சரி.

டிரம்ஸ்க்கு பின்னாடி உக்கார்ந்து பாருங்க. மேல விளக்கு, முன்னாடி விளக்கு, நாலு கை கால் ஓட்டம். மூணாவது பாட்டுல சட்டையைப் பிழிஞ்சா தண்ணி வரும். தொளதொள பேன்ட் போட்டா கால்முனை கிக் பெடல் (பெரிய டிரம்மைக் காலால அடிக்கற மிதி) சங்கிலியில போய் மாட்டும். ஒருதரம் அப்படி மாட்டி, பாதிப் பாட்டு கிக்கே இல்லாம ஓட்டினேன். நீளக் கை சட்டைன்னா மணிக்கட்டு மடிப்புல குச்சி முனை செருகிக்கும். செருப்பு அதைவிட முக்கியம். அடி தடிச்ச ஷூ போட்டா பெடல் எங்க இருக்குன்னே காலுக்குத் தெரியாது. நான் தட்டையான, மெல்லிசு ரப்பர் அடி போட்ட ஷூ ஒண்ணு தனியா வச்சிருக்கேன். தெருவுல போடறதே இல்ல. பெரிய மேடைன்னா இன்னொண்ணு, அவ்வளவுதான் நம்ம உடை அலமாரி.

வெறுங்காலும் நல்லதுதான். ஈவ்லின் க்ளெனி கேள்விப்பட்டிருப்பீங்க. தாளவாத்தியக் கலைஞர், பன்னெண்டு வயசுலேயே காது ஏறக்குறைய முழுசா போயிடுச்சு. வெறுங்காலோடதான் வாசிப்பாங்க, அதிர்வு தரை வழியா காலுக்கு வரணும்ல. அங்க செருப்பு போடாம இருக்கறதும் வாத்தியத்துல ஒரு பாகம்.

அரை டிரவுசர் அசிங்கம்னா டிரம்ஸ் முன்னாடி ஒரு துணியைக் கட்டிடுங்க. காலைப் பத்தி யாரும் பேச மாட்டாங்க.

#9 மூச்சுக்கணக்கு

பாடறவங்க சார்பா நானும் வந்துட்டேன். உங்க பாடகியைத் திட்டறதுக்கு முன்னாடி இதைப் படிங்க.

எங்களுக்கு வாத்தியம் உடம்புதான். இடுப்புல இறுக்கிக் கட்டினா விலா எலும்பு விரியாது. விரியலன்னா நீண்ட வரி பாதியில அறுந்துடும். ஆனா 'பார்க்க நல்லா இருக்கணும்'னு எல்லாரும் சேர்ந்து இடுப்புலதான் இறுக்குவாங்க. நான் உடை வாங்கும்போது கண்ணாடியில பார்க்கறதோட நிறுத்த மாட்டேன். உக்கார்ந்து, எழுந்து, வயித்துக்கு மூச்சு இழுத்து, சத்தமா ஒரு வரி பாடிப் பார்ப்பேன். கடைக்காரங்க பழகிட்டாங்க.

இப்போ நடந்த கதை. ஒயர் இல்லாத மைக். அந்த டிரான்ஸ்மிட்டர் பெட்டியை எங்கேயாவது மாட்டணும்ல? என் கவுன்ல பெல்ட் கிடையாது. அவசரத்துல முதுகு ஜிப் விளிம்புல கிளிப்பைச் செருகி விட்டுட்டாங்க. ரெண்டாவது பாட்டுல மேல் ஸ்தாயி வருது, நல்லா மூச்சு இழுக்கறேன், பின்னாடி ஜிப் ஒரு அங்குலம் இறங்குது. பெட்டியோட கனம். அடுத்த மூச்சுக்கு இன்னொரு அங்குலம். மூச்சு இழுக்காம பாட முடியாது, இழுத்தா ஜிப் இறங்கும். அப்படியே மெதுவா பின்னாடி நகர்ந்து, ஸ்பீக்கர் பெட்டி ஒண்ணுல முதுகைச் சாய்ச்சுக்கிட்டு மீதி நாலு பாட்டையும் அசையாம நின்னு பாடினேன். முடிஞ்சதும் ஒரு பெரியவர் வந்து, "அந்த அசையாத நிலை ரொம்ப அழுத்தமா இருந்துச்சும்மா"ன்னு பாராட்டினார்.

#10 ஒயர்சுத்தி

//முதுகு ஜிப் விளிம்புல கிளிப்பைச் செருகி//

ஐயையோ. அது எங்க ஆளுங்க பண்ண தப்பு, மன்னிச்சிடுங்க அக்கா. சவுண்ட்ல இருக்கறவன்ங்கற முறையில சொல்றேன், என்ன போடப் போறீங்கன்னு முதல் நாளே எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க. பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

வியர்வையைப் பத்தி ஒரு தொழில் ரகசியம். சிரிக்கக் கூடாது. பெட்டி உடம்போட ஒட்டி இருந்தா வியர்வை உள்ள போய் மைக் கரகரக்கும், அப்புறம் செத்துப்போகும். நாடக மேடைக்காரங்க ரொம்ப காலமா என்ன பண்றாங்கன்னா, எண்ணெய் தடவாத ஆணுறையை வாங்கி அந்தப் பெட்டிக்கு மாட்டிவிடறாங்க. கனகச்சிதமா பொருந்தும். நான் முதல் தடவை ரெண்டு டஜன் வாங்கி ரசீதும் கேட்டப்ப கடைக்காரர் பார்த்த பார்வை இருக்கே.

அப்புறம் சத்தம் போடற உடைகள். நீள நெக்லஸ் சட்டை மைக்ல இடிக்கும். சில நைலான் துணி ரெண்டு உரசினா காய்ஞ்ச இலை மிதிக்கற மாதிரி கேக்கும். தலையில மாட்டற மைக் போட்டவங்க பெரிய தோடு போடவே கூடாது. பாஸ், கிட்டார்க்காரங்களுக்கு: பெல்ட் பக்கிளை நடுவுல விடாம பக்கவாட்டுக்கு நகர்த்திக்குங்க. பழைய கிட்டார் எதையாவது திருப்பிப் பாருங்க, முதுகுல சரியா தொப்புள் உசரத்துல வார்னிஷ் உரிஞ்சு கிடக்கும். அது பக்கிள் தேய்ச்ச தழும்பு.

#11 இருட்டுமேடை

அண்ணே ரகசியத்தையெல்லாம் இப்படிப் பொதுவுல போடலாமா :)

தம்பி, பின்திரை?

#12 ஊசிநூல்

கச்சேரி, நாடகம், நடனம் எல்லாத்துக்கும் தைக்கிறவள் நான். இங்கே ஒரு விஷயத்தைத் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள், அதனால் எழுதுகிறேன்.

கை தூக்க வசதியாக இருக்கட்டும் என்று எல்லாரும் அக்குளை லூசாக வைக்கச் சொல்கிறார்கள். அங்கேதான் தப்பு. அக்குள் வளைவு கீழே தொங்கினால் கையைத் தூக்கும்போது சட்டை முழுக்க மேலே ஏறும், இடுப்பில் செருகியது வெளியே வரும், காலர் காதைத் தொடும். வளைவு உயரமாக, அக்குளை ஒட்டி இருக்க வேண்டும். அப்போது கை மட்டும் தனியாக அசையும், உடம்புத் துணி அப்படியே நிற்கும். போதவில்லை என்றால் அக்குளுக்கு அடியில் சாய்சதுரமாக ஒரு துண்டு வைத்துத் தைத்துவிடலாம். வயலின் அம்மா சொன்ன கோட்டு விஷயத்துக்கு அதுதான் மருந்து.

மூச்சுக்கணக்கு, உனக்கு: எலாஸ்டிக் பட்டி ஒன்று வாங்கு, அதில் பெட்டிக்கு ஒரு பை தைத்துக்கொள், உள்ளே உடம்போடு கட்டிக்கொள். கவுனில் ஒயர் வர ஒரு விரல் அகலத்துக்கு ஓட்டை, ஓரம் அடித்துவிட்டால் போதும். வேலை அரை மணி நேரம். இதைத் தெரியாமல் நாலு பாட்டு ஸ்பீக்கரோடு நின்றாயே.

உடையைத் தச்சன் வேலை மாதிரி பார்த்த ஆள் மைக்கேல் ஜாக்ஸன். நேராக நின்றபடி முன்னால் சாய்வாரே, அது வெறும் உடற்பயிற்சி இல்லை. மேடையிலிருந்து ஒரு ஆணி எழும்பும், ஷூவின் குதிகாலில் அதற்கு ஒரு பொருத்து வாய். குதிகாலை அதில் மாட்டிக்கொண்டு சாய்வது. 1993-இல் அதற்கு அமெரிக்காவில் காப்புரிமையே வாங்கினார்கள். அவர் பெயரோடு அவருக்கு உடை தைத்த மைக்கேல் புஷ், டென்னிஸ் டாம்ப்கின்ஸ் பெயரும் அந்தக் காகிதத்தில் இருக்கிறது. தையல்காரர் பெயரைச் சேர்த்த அந்த மனசுக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

அதற்கு நேர்மாறு பாடகர் எல்விஸ் பிரெஸ்லியின் தங்க சூட், 1957. நூடி கோன் கடையில் தைத்தது. படத்தில் பார்க்க மின்னும். போட்டவருக்கோ கனம், புழுக்கம். கொஞ்ச நாளிலேயே பேன்ட்டை விட்டுவிட்டு மேல்கோட்டை மட்டும் சாதாரண பேன்ட்டோடு போட ஆரம்பித்தார். ஆட வேண்டிய மனிதனுக்கு ஆட முடியாத உடை தைத்தால் அது யார் குற்றம்?

#13 நாலாவது_விரல்

அக்குள் விஷயம் புதுசு. நன்றி அக்கா.

சரி, உடை வாசிப்பை பாதிக்கும்னு ஒத்துக்கறேன். ஆனா ஒரே மாதிரி போடறதா, அவங்கவங்க இஷ்டமா? கிட்டார்க்காரன் நேர்மைன்னு ஒரு வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்கறான்.

#14 பெடல்மிதி

உங்கள் கிட்டார்க்காரருக்கு ஒரு பழைய ஸ்வெட்டரின் கதையைச் சொல்லுங்கள். 1993 நவம்பரில் நிர்வானா குழுவின் பாடகர் கர்ட் கோபெய்ன் எம்டிவியின் 'அன்பிளக்டு' நிகழ்ச்சியில் நைந்துபோன பச்சை கார்டிகன் ஒன்றைப் போட்டிருந்தார். ஒரு பொத்தான் காணோம், கறை, சிகரெட் பொசுக்கல். உடையைப் பற்றி அக்கறையே இல்லாதவரின் உடை. 2019-இல் அது, துவைக்கப்படாமலே, 3,34,000 டாலருக்கு ஏலம் போனது. அலட்சியமும் ஒரு சீருடையாக மாறிவிடும். அதை யாரும் தடுக்க முடியாது.

மறுபக்கம் பீட்டில்ஸ். ஹாம்பர்க் நாட்களில் தோல் ஜாக்கெட் போட்டுக்கொண்டு திரிந்தவர்களை 1962-இல் அவர்களுடைய மேலாளர் பிரையன் எப்ஸ்டீன் ஒரே மாதிரி சூட்டுக்குக் கொண்டுவந்தார். எது நேர்மையான பீட்டில்ஸ்? தோலா, சூட்டா? எனக்கு இரண்டுமே உடைதான்.

பாடகர் ராய் ஆர்பிசனின் கறுப்புக் கண்ணாடியைப் பாருங்கள். 1963 சுற்றுப்பயணத்தில் தன் வழக்கமான கண்ணாடியை விமானத்தில் மறந்துவிட்டு, கையிலிருந்த பவர் உள்ள கறுப்புக் கண்ணாடியோடு மேடை ஏறினார். அதற்குப் பிறகு கழற்றவே இல்லை. ஏசி/டிசி ராக் குழுவின் கிட்டார் கலைஞர் அங்கஸ் யங்கின் பள்ளிச் சீருடை அவருடைய அக்கா சொன்ன யோசனை. தலை நரைத்த பிறகும் அரை டிரவுசர்தான். (உங்கள் டிரம்மருக்கு இதைச் சொல்ல வேண்டாம்.)

டாக்கிங் ஹெட்ஸ் குழுவின் பாடகர் டேவிட் பைர்னின் அந்தப் பிரம்மாண்டமான சூட்? தலை சின்னதாகத் தெரிய வேண்டும் என்று நினைத்தாராம், அதற்கு உடம்பைப் பெரிதாக்குவதுதான் வழி என்று அப்படிச் செய்துகொண்டார். இதில் நேர்மையை எங்கே போய்த் தேடுவது?

#15 குச்சிக்காரன்

//தலை நரைத்த பிறகும் அரை டிரவுசர்தான்//

நான் சொல்லிடுவேன் :)

ஸ்வீடன் பாட்டுக் குழு ஆபாவை விட்டுட்டீங்க. அந்த மினுமினுப்பு உடை ஏன்னு கேட்டதுக்கு அந்தக் குழுவோட பிஜோர்ன் உல்வாயஸ் பின்னாளில் சொன்ன காரணத்துல ஒண்ணு வரி. அன்னைக்கு ஸ்வீடன் சட்டப்படி, தெருவுல போட்டுக்கிட்டுப் போக முடியாத அளவுக்கு அநியாயமா இருந்தாத்தான் உடைச் செலவை வரியில கழிக்க முடியுமாம். எனக்குத் தெரிஞ்சு வரி அதிகாரிக்குப் பயந்து வந்த ஒரே ஃபேஷன்.

#16 மூச்சுக்கணக்கு

எல்லாரும் ஆம்பளைங்க கதையா சொல்றீங்க. ஆர்பிசன் கண்ணாடியை மறந்தா அது அடையாளம். நான் தோட்டை மறந்தா 'என்னம்மா உடம்பு சரியில்லையா'ன்னு கேப்பாங்க.

#17 வில்லாளி

அதே. 2011-ல பியானோ கலைஞர் யூஜா வாங் ஹாலிவுட் பௌல்ங்கற திறந்தவெளி அரங்கத்துல ராக்மனினோவ் மூணாவது கான்செர்ட்டோ வாசிச்சாங்க. பியானோவுக்கு எழுதினதுலேயே கைவிரலை ஒடிக்கற சமாச்சாரங்கள்ல ஒண்ணு அது. மறுநாளிலிருந்து பேச்செல்லாம் அந்த ஆரஞ்சுக் குட்டை உடையோட நீளத்தைப் பத்தித்தான். அவங்க உடையை மாத்திக்கல, இன்னும் அப்படித்தான் வர்றாங்க. எனக்கு அந்த உடை பிடிக்குமா பிடிக்காதான்னு தெரியல, ஆனா அவங்களுக்கு வாசிக்க வசதியா இருக்குன்னா பேச்சு முடிஞ்சுது. யோசிச்சுப் பாருங்க, பியானோவுல நீள கவுன் கால் பெடலுக்கு அடியில போய்ச் சிக்கும். குட்டைன்னா சிக்காது.

பெடல்மிதி சார் சொன்ன ஆய்வும் பெண்களை வச்சுத்தான் நடந்துச்சு, கவனிச்சீங்களா? மதிப்பெண் குறைஞ்சதுக்கு உடை காரணமா, பார்த்தவன் மனசு காரணமா?

#18 பெடல்மிதி

ஒத்துக்கொள்கிறேன். அந்த ஆய்வை "அதனால் ஒழுங்காக உடுத்துங்கள்" என்று படிப்பதும் தவறுதான். என் பதிவில் அந்தத் தொனி இருந்திருந்தால் அது என் குறை.

நீள உடை பெடலில் சிக்குவது உண்மை. என் விஷயத்தில் சட்டைக் கைதான். கையோரப் பொத்தான் பியானோ கட்டை விளிம்பில் படும். மெல்லிய பகுதியில் முன்வரிசைக்கு நன்றாகவே கேட்கும். இருபது வருடமாக ஒரு மடிப்பு மடித்துவிட்டுத்தான் உட்காருகிறேன்.

#19 கடைசி_வரிசை

பேச்சு எங்கேயோ போயிடுச்சு, ஆனா நல்லா இருக்கு. ஒரு விஷயம் ஒத்துக்கறேன். வில்லாளி சொன்னதைப் படிச்சதும் யோசிச்சேன். நான் கண்ணை மூடறேன்னு சொல்லிக்கறேனே தவிர, வெளியே வந்து வீட்டுக்காரம்மாகிட்ட முதல்ல சொல்றது 'அந்தப் பொண்ணு நீலத்துல வந்திருந்துச்சு'ன்னுதான். பாட்டு ரெண்டாவதா வரும்.

ஆனாலும் என் கட்சியை மாத்தல.

#20 நாலாவது_விரல்

மக்களே, முடிவெடுத்தாச்சு. வில்லாளி அக்கா சொன்ன கருப்பு. எல்லாரும் கருப்பு, ஆனா வெட்டு அவங்கவங்க இஷ்டம். கிட்டார்க்காரனுக்குக் கருப்பு டி-ஷர்ட் (துவைச்சது, இது பேச்சுவார்த்தையில எங்களுக்குக் கிடைச்ச வெற்றி). டிரம்மருக்குக் கருப்பு அரை டிரவுசர். பாடகிக்கு ஊசிநூல் அக்கா சொன்ன பட்டி. கீபோர்டுக்காரர் ஏற்கெனவே கருப்புலதான் இருந்தார். அதைக் கேட்டதும் "ஆமா"ன்னார்.

நேத்து முழு உடையோட ஒத்திகை பார்த்தோம். இந்த இழையைப் படிக்கலன்னா பார்த்திருக்கவே மாட்டோம். ஒத்திகையை போன்ல பதிவு பண்ணிக் கேட்டா என் பாஸ் நடுவுல 'டிக்... டிக்...'னு ஒரு சத்தம். நாலு பேரும் டிரம்மரைப் பார்த்தோம். அவர் கையை விரிச்சுட்டார். ஒயரை மாத்தினோம், ஆம்ப்ளிஃபையரை மாத்தினோம், போகல. கடைசியில கீபோர்டுக்காரர் எழுந்து வந்து என் வலது கையைப் பிடிச்சார். புதுச் சட்டை, கையோரத்துல பெரிய பொத்தான். விரல் ஒவ்வொரு தடவை தந்தியைச் சுண்டும்போதும் அது மரத்துல இடிக்குது. பேசாம ஒரு மடிப்பு மடிச்சுவிட்டுட்டுத் திரும்பப் போய் உக்கார்ந்தார்.

பெடல்மிதி சார், அது நீங்கதானா?

#21 பெடல்மிதி

:)

#22 ஊசிநூல்

அடப்பாவி, ஒரே குழுவுக்குள்ளேயா? பொத்தானை வெட்டி எடுத்துவிட்டு உள்பக்கம் கொக்கி வைத்துத் தைத்துக்கொள். மடிப்பு இரண்டாவது பாட்டில் அவிழும்.

#23 இருட்டுமேடை

எல்லாம் சரி தம்பி. எல்லாரும் கருப்புன்னு முடிவு பண்ணிட்டீங்க, சந்தோஷம். நான் கேட்ட கேள்விக்கு மட்டும் இன்னும்...

#24 நாலாவது_விரல்

கச்சேரி முடிஞ்சுது! ஜிப் இறங்கல, பொத்தான் இடிக்கல, சங்கிலியில எதுவும் மாட்டல. பாடகி மேடை முழுக்க ஓடினாங்க, ஸ்பீக்கர்ல சாயவே இல்ல. வாசிப்புல எனக்கு இவ்வளவு நிம்மதி இருந்ததே இல்ல.

இப்பத்தான் வீடியோ வந்துச்சு. அஞ்சு தலை தெரியுது. பத்து கை தெரியுது. டிரம்மருக்குக் கூடுதலா ரெண்டு முழங்கால். நடுவுல ஒண்ணுமே இல்ல. என் பாஸ் தானா காத்துல மிதக்குது.

#25 இருட்டுமேடை

பின்திரை?

#26 நாலாவது_விரல்

கருப்புதான் அண்ணே.

#27 இருட்டுமேடை

பின்னாலேருந்து தோளுக்கு ஒரு விளக்கு போட்டிருந்தாக்கூட ஓரக்கோடு கிடைச்சிருக்கும், ஆள் பிரிஞ்சு தெரிஞ்சிருப்பான். அரங்கத்துக்காரங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருந்தா போட்டிருப்பாங்க. இல்லன்னா அடர் சாம்பல், அடர் நீலம் எடுத்திருக்கலாம். மூணு வாரமா ஒரே கேள்வியைக் கேட்டுக்கிட்டே இருந்தேனேய்யா.

#28 கடைசி_வரிசை

தம்பி, ஆடியோ மட்டும் அனுப்பு.